ஆமை ராஜாவும் துரியோதனனும்

மாசி பிறந்துவிட்டால் பாப்பிரெட்டிப்பட்டியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் புளி வாசனைதான். மலையடிவாரத்து மரங்களை உலுக்கி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து திண்ணையிலும் கூடத்திலும் குவித்திருப்பார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு நீக்கி, நார் உருவி, சின்ன இரும்பால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். இந்த முறை ஊருக்குப் போனபோது அம்மா வீட்டுக் கூடத்தில் அந்த வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த அக்கா மகன் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து கையில் பிடிக்கிற ஸ்விட்ச் கருவியில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்' விளையாடிக்கொண்டிருந்தான். 2023-ல் வந்த விளையாட்டு. திடீரென்று சலித்துக்கொண்டான்.

"என்ன மாமா இது, மறுபடியும் பௌசர் ஜூனியரா? இவனையே எத்தனை தடவ அடிக்கிறது?"

இதே வாசனைக்கு நடுவே, இதே ஊரில், இதே கேள்வியை நாங்களும் கேட்டிருக்கிறோம். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எங்கள் தெருக்கோடி வீட்டு அண்ணன் சேலத்தில் வேலை பார்த்தார். ஒரு பொங்கலுக்கு வந்தபோது டிவி கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். ஜப்பானில் நிண்டெண்டோ 1983-ல் கொண்டுவந்த ஃபேமிகாம் கருவியின் நகல். அந்த மாதிரி நகல் பெட்டிகள்தான் நம்மூர்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தன. அசல் நிண்டெண்டோவை எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அந்த வீட்டின் முன்னறையில் டயனோரா டிவி இருந்தது. ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டுக் கேம் வயரைச் செருகி, சேனல் குமிழைத் திருகிக்கொண்டே போனால், புள்ளி புள்ளியாகக் கொட்டும் மழைக்கு நடுவிலிருந்து நீல வானமும் பச்சைக் குழாயும் மெல்லத் தெளிந்து வரும்.

அண்ணன் சேலம் போய்விட்டால் பெட்டி அவருடைய அம்மாவின் பொறுப்பு. நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். அத்தை காசு கேட்டதில்லை. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: விளையாடுகிறவன் விளையாடலாம், காத்திருக்கிறவன் கை சும்மா இருக்கக் கூடாது. முறை வரும்வரை புளி ஓடு நீக்க வேண்டும். அப்படித்தான் அந்த வீட்டின் ஒரு வருசத்துப் புளியில் பாதி எங்கள் கையால் உரிந்தது. உரித்த கையோடு போய் உட்காருவதால் பட்டன்களெல்லாம் பிசுபிசுத்துப் போகும். 'ஏ' பட்டனை அழுத்தினால் மேலே எழும்ப நேரமெடுக்கும். குதிக்க வேண்டிய மாரியோ குழியில் விழுவான். அத்தை ஈரத் துணியைத் தூக்கிப் போடுவார்.

பேச்செல்லாம் புளிக் குவியலைச் சுற்றித்தான் நடந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க இந்த விளையாட்டுகளின் ரசிகர்கள் எதையெல்லாம் பேசிச் சண்டை போடுகிறார்களோ, அதில் முக்கால்வாசியை நாங்கள் அங்கே பேசி முடித்திருந்தோம் என்றே நினைக்கிறேன். முதல் சண்டை மாரியோவின் எதிரியைப் பற்றியது. பௌசர் என்ற பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆமைப் படைக்குத் தலைவன் என்பதால் ஆமை ராஜா. 1985-ல் வந்த முதல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் 8 உலகம், உலகத்துக்கு 4 கட்டம், மொத்தம் 32. ஒவ்வொரு நாலாவது கட்டமும் கோட்டை. ஒவ்வொரு கோட்டையின் கடைசியிலும் பாலத்தின் மேல் அதே ஆமை ராஜா நின்று நெருப்பு ஊதுவான். அவனைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் இருக்கும் கோடாலியைத் தொட்டால் பாலம் அறுந்து நெருப்புக் குழம்பில் விழுவான். இளவரசி இருப்பாள் என்று ஓடினால் காளான் தலையன் ஒருவன் நின்று, அவள் வேறு கோட்டையில் இருக்கிறாள் என்பான். அடுத்த கோட்டைக்குப் போனால் செத்தவன் மறுபடியும் பாலத்தில் நிற்பான்.

"இவனுக்கு எத்தன உசுருடா? வேற ஆளே கெடைக்கலையா இவங்களுக்கு?" என்பான் எங்கள் கூட்டத்தில் ஒருவன். அவன் காண்ட்ரா கட்சி. கோனாமி நிறுவனம் 1988-ல் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்த அந்த ஆட்டத்தில் முதல் கட்ட முடிவில் பீரங்கி பொருத்திய மதில் சுவர் எதிர்த்து நிற்கும். அருவி ஏறிப் போனால் பிரம்மாண்டமான வேற்றுலகச் சிலை. கடைசியில் துடிக்கிற ஒரு இதயம். கட்டத்துக்குக் கட்டம் புது எதிரி. "இது கேமு. அது ஏமாத்து வேல," என்று புளியங்கொட்டையை எறிந்து தீர்ப்புச் சொல்வான். நான் மாரியோ கட்சி. ஆனால் அவனுக்குச் சரியான பதில் சொல்ல வெகுநாள் வரை என்னிடம் எதுவும் இல்லை.

பதில் கொடுத்தது வயதில் மூத்த ஒரு பையன். நெருப்புப் பூவை வாங்கினால் மாரியோ வெள்ளை உடுப்புக்கு மாறி நெருப்புருண்டை வீசுவான். அடி வாங்கினால் அந்தச் சக்தி போய்விடும். கோட்டை முடிவு வரை அதைக் காப்பாற்றிக் கொண்டுபோவது எங்களுக்கெல்லாம் பெரும்பாடு. இவன் ஒருநாள் முதல் கோட்டையில் கொண்டுபோய்விட்டான். கோடாலிப் பக்கம் போகாமல் நின்ற இடத்திலிருந்தே வீசினான். ஐந்தாவது உருண்டை பட்டதும் ஆமை ராஜா தலைகீழாகக் கவிழ்ந்தான். கவிழ்ந்த உருவம் ஆமை ராஜாவே இல்லை. முதல் கட்டத்தில் நாங்கள் மிதித்துத் தள்ளுகிற சின்னப் பழுப்புக் குட்டி!

"டேய், வேசம்டா! வேசம் கட்டிக்கிட்டு நின்னிருக்கான்!"

அத்தை கூட இரும்பைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கோட்டையிலும் உள்ளே இருப்பது யார் என்று பார்ப்பதே எங்கள் வேலையாகிவிட்டது. இரண்டாம் உலகத்தில் ஒரு சாதாரண ஆமை. ஏழாவதில் சுத்தியல் வீசுகிறவன். 8-ஆம் உலகத்தில் நிற்பவன் மட்டுமே அசல். ஆறாவது, ஏழாவது கோட்டைகளில் நெருப்புக்குப் பதிலாகச் சுத்தியலாக எறிவான். எட்டாவதில் சுத்தியலும் நெருப்பும் சேர்ந்து வரும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறான் என்று எரிச்சல்பட்டவர்கள், அவன் உண்மையில் ஒரே ஆள் இல்லை என்று அறிந்ததும் அடைந்த சந்தோஷம் சொல்லி முடியாது. காண்ட்ரா கட்சிக்காரன் அரை மனதோடு எங்கள் பக்கம் சாய்ந்தான்.

பல வருசம் கழித்து இந்த விளையாட்டுகள் எப்படிச் செய்யப்பட்டன என்று படிக்கத் தொடங்கியபோது இதற்கு அடியில் இருந்த காரணமும் தெரிந்தது. மியாமோட்டோவும் தெசுகாவும் வடிவமைத்த அந்த முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கிற ஒரே ஒரு புகைப்படம் அதைப்போல் எத்தனையோ மடங்கு இடம் பிடிக்கிறது. அந்தச் சிறு இடத்துக்குள் மேகத்துக்கு ஒரு படம், புதருக்கு ஒரு படம் என்று வரைய வழியில்லை. மேகத்துக்குப் பச்சை அடித்தால் புதர். முதல் உலகத்துக் கோட்டையே ஆறாம் உலகத்தில் சுழலும் நெருப்புத் தண்டுகளோடு திரும்பி வருகிறது. இரண்டாம் உலகத்தின் தாவுகிற மீன் பாலம் ஏழாம் உலகத்தில் மறுபடியும் வருகிறது. இல்லாமையால் திரும்பச் சொன்னார்கள். ஆனால் திரும்பச் சொல்வதற்குள் ஒரு ரகசியத்தை ஒளித்து வைத்தார்கள். அந்தப் பெருந்தன்மைதான் இன்றும் என்னை அந்த ஆட்டத்தோடு கட்டிவைத்திருக்கிறது.

எங்கள் விஷயத்தில் இன்னொரு திரும்புதலும் இருந்தது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. ஐந்தாம் உலகத்தில் கரண்ட் போனால், வந்ததும் முதல் உலகத்திலிருந்துதான். அந்த நாட்களில் கரண்ட் எப்போது போகும் என்பதை வேப்பமரத்துக் காக்காய் கூடச் சொல்ல முடியாது. முதல் கோட்டைக்காரனை நாங்கள் சந்தித்த அளவுக்கு எங்கள் சொந்தக்காரர்களில் பலரைச் சந்தித்திருக்க மாட்டோம்.

பெட்டியோடு வந்த கேசட்டில் '9999 இன் 1' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது கைவிரலில் எண்ணிவிடுகிற சில ஆட்டங்கள். அவையே வேறு வேறு பெயரில், வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்குவதாகப் பக்கம் பக்கமாக நீளும். இதைத்தான் நாங்கள் நிஜமான ஏமாற்று வேலை என்று ஒருமனதாக முடிவு செய்தோம். அதில் கட்சி வேறுபாடு இல்லை.

அந்தக் கேசட்டில் இருந்த 'அட்வென்ச்சர் ஐலண்ட்' மட்டும் எங்களைப் பிரித்தே வைத்திருந்தது. இலைப் பாவாடையும் தொப்பியும் போட்டவன் கல்கோடாலி வீசிக்கொண்டு, பழம் பொறுக்கிக்கொண்டு, கடற்கரையோரம் ஓடுவான். நாலு கட்டத்துக்கு ஒரு முறை ஒரு மந்திரவாதி வந்து நெருப்பு உமிழ்வான். அடிக்க அடிக்க, கடைசி அடியில் அவன் தலை பறக்கும். கழுத்தில் புதுத் தலை முளைக்கும். அந்தத் தலையோடு ஓடிப்போய் அடுத்த பகுதியின் முடிவில் நிற்பான். உடம்பு அதே உடம்பு. "தலைய மட்டும் மாத்துனா புது ஆளா?" என்று காண்ட்ரா கட்சி துள்ளியது. இந்த முறை நானும் அவன் பக்கம்தான். மாரியோவின் கோட்டைக்காரன் திரும்பி வரும்போது ஒளித்து வைத்த ஒன்றோடு வந்தான். இவன் வெறும் முகமூடியோடு வந்தான்.

இந்த ஆட்டத்தின் பிறப்பே தலை மாற்றிய கதைதான். 1986-ல் எஸ்கேப் என்ற சிறு நிறுவனம் சேகாவுக்காகச் செய்த 'வொண்டர் பாய்' ஆட்டத்தை ஹட்சன் நிறுவனம் ஃபேமிகாமுக்குக் கொண்டுவர விரும்பியது. பெயரும் கதாபாத்திரமும் சேகாவின் உரிமை. அதனால் ஓடுகிற பையனை எடுத்துவிட்டுத் தங்கள் ஊழியரான தகாஹாஷி மெய்ஜினை வரைந்து வைத்தார்கள். ஒரு நொடிக்கு 16 முறை பட்டன் அழுத்துகிறவர் என்று ஜப்பானியப் பிள்ளைகளிடம் பெரும்புகழ் பெற்றிருந்த மனிதர் அவர். கட்டமும் காடும் பழமும் அப்படியே. ஆனாலும் அந்த ஓட்டத்தின் சுகத்துக்குக் குறைவில்லை. பசியைப் போல் இறங்கிக்கொண்டே வரும் அந்த உயிர்க்கோட்டை நிரப்ப, நிற்காமல் ஓடிப் பழம் பொறுக்க வேண்டும். அந்த அவசரம் நகலிலும் நகலாக எங்கள் டயனோராவுக்கு வந்து சேர்ந்தபோதும் உயிரோடுதான் இருந்தது. ஆகவே, எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை வைத்து மட்டும் ஒரு விளையாட்டை நான் தள்ளிவிட மாட்டேன்.

என் கட்சிக்கு அசல் வக்கீல் எங்கள் தாத்தா. அவருக்கு டிவி கேமும் தெரியாது, ஆமை ராஜாவும் தெரியாது. கூத்து தெரியும். தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. பக்கத்து ஊரில் பாரதம் வைத்தால் தாத்தா கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். என்னையும் கூட்டிப் போவார்.

அந்தத் துரியோதனனைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து முதலில் குரல்தான் வரும். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாட, முகவீணை உச்சத்துக்குப் போகும். கிரீடத்தின் நுனி தெரியும். திரை விலகினால் செவ்வண்ணம் பூசிய முகம், புஜங்களில் மின்னும் கட்டைகள், காலில் சலங்கை. சுற்றிச் சுழன்று ஆடினால் புழுதி எழும். முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்வோம்.

எனக்கு அப்போதும் அதே கேள்வி. "ஏன் தாத்தா, வருசா வருசம் இதே ஆள்தான வர்றான்? கடைசில பீமன் தொடையில அடிச்சுச் சாகப்போறான்னு எல்லாருக்கும் தெரியுமே. அப்புறம் எதுக்கு விடிய விடிய பாக்கணும்?"

"சூதாடுற அன்னிக்கு வந்தானே, அவனும் இன்னிக்கு வர்றவனும் ஒண்ணாடா?" என்றார் தாத்தா. "அன்னிக்குச் சபையில தொண்ணூத்தொம்பது தம்பிங்க சுத்தி நிக்க எப்படிப் பேசுனான். இன்னிக்குப் பாரு, கூப்புட்டா ஏன்னு கேக்க ஒரு ஆள் இல்ல. அந்தக் குரல்ல அது இருக்கா இல்லையான்னு கேக்கத்தான்டா வந்து உக்காந்திருக்கோம்."

மறுநாள் காலை டீக்கடையில் தாத்தாவும் அவர் வயதுக்காரர்களும் பேசுவதைக் கேட்க வேண்டும். போன வருசத்துச் செட்டின் துரியோதனனுக்கு உடம்பு இருந்தது, குரல் இல்லை. அதற்கு முந்தின செட்டுக்காரன் பாட்டில் கெட்டி, ஆனால் கடைசி நாளில் அழவைக்கத் தெரியவில்லை. இவன் திரைக்குள்ளிருந்தே ஆளைப் பிடித்துவிட்டான். கதை மாறவில்லை என்று ஒருவரும் குறைப்பட்டதில்லை. போன முறை பார்த்ததையே இந்த முறையும் காட்டிவிட்டுப் போனவனைத்தான் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அம்மாவுக்கும் இந்தக் கணக்குப் பழக்கம்தான். எம்.ஜி.ஆர் படத்தில் நம்பியார் இல்லையென்றால் பாதி டிக்கெட் காசு வீண் என்பார். 1965-ல் ஒரே ஆண்டில் 'எங்க வீட்டுப் பிள்ளை'யிலும் 'ஆயிரத்தில் ஒருவ'னிலும் எதிரே நின்றவர் நம்பியார்தான். சவுக்கும் கத்தியும் மாறும், கையைப் பிசைவது மாறாது.

படுகளத்துக் காலையில் இன்னொன்று நடக்கும். மைதானத்தில் மண்ணால் செய்து வண்ணம் பூசிய துரியோதனன் பல ஆள் நீளத்துக்கு மல்லாந்து கிடப்பான். வேஷம் கட்டிய துரியோதனன், தன்னுடைய அந்தப் பெரிய உடம்பின் மேலேயே ஏறி ஓட, பீமன் துரத்துவான். கடைசியில் தொடையில் அடி விழும். திரௌபதி வந்து கூந்தல் முடிவாள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று தெருக்கோடி வீட்டில் 8-ஆம் உலகத்துப் பாலத்தில் நின்ற ஆமை ராஜா முன்பு பார்த்த மாதிரி தெரியவில்லை. ஏழு வேஷக்காரர்களை அனுப்பிவிட்டு ஆளில்லாமல் நிற்கிற ஒருவனாகத் தெரிந்தான்.

பிறகு சேலத்தில் படித்தேன். விடுதிக் கணினியில் பழைய ஆட்டங்கள் அத்தனையும் ஓடின. அங்கேதான் 'மெகா மேன்' அறிமுகம். கேப்காம் 1987-ல் தொடங்கிய வரிசை. எல்லாவற்றிலும் கடைசி எதிரி டாக்டர் வைலி. தோற்றதும் மண்டியிட்டுப் புருவத்தை ஏற்றி இறக்கிக் கெஞ்சுவார். 1991-ன் நான்காம் பாகத்தில் டாக்டர் காசக் என்றொரு புது வில்லன் வந்தார் என்று விடுதியே எழுந்து உட்கார்ந்தது. பாதியில் பார்த்தால் பின்னால் வைலி. 1993-ன் ஆறாம் பாகத்தில் மிஸ்டர் எக்ஸ். முகமூடியைக் கழற்றினால் வைலி. "எவன் வந்தாலும் கடைசில அந்தக் கெழவன்தான்டா," என்று அறைத் தோழன் விசைப்பலகையைத் தள்ளிவிட்டான். அவன் கோபம் நியாயமானது. மாரியோ கோட்டையில் வேஷம் கலைந்தால் புதிதாக ஒருவன் இருந்தான். இங்கே வேஷம் கலைந்தால் பழையவனே இருக்கிறான். அதுவும் தொடர்ந்து செய்தால் கலைவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

அதே மெகா மேனில் இன்னொரு வழக்கத்துக்கு நான் எப்போதும் துணை நிற்பேன். முடிவுக்கு முன்னால், ஏற்கெனவே வென்ற எல்லா ரோபோ தலைவர்களையும் ஒருவர் பின் ஒருவராக மறுபடியும் சந்திக்க வேண்டும். சோம்பேறித்தனம் என்று தோழன் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் முறை வெறும் கையோடு போய் அடிபட்டு ஜெயித்தோம். இந்த முறை அவர்களிடமிருந்தே வாங்கிய ஆயுதங்கள் நம் கையில். யாருக்கு எது வலிக்கும் என்று தெரியும். எதிரி மாறவில்லை, எதிரில் நிற்பவன் வளர்ந்திருக்கிறான். அந்த வளர்ச்சியைக் கையால் உணர்வதற்குப் பழைய எதிரியை விட நல்ல இடம் கிடையாது.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகத்தான் கேட்டான். அவன் தலைமுறையின் குற்றப் பத்திரிகை நீளமானது. 1988-ன் மூன்றாம் மாரியோவில் அறிமுகமான கூபாலிங் என்ற எதிரிகள் எழுவர் 2009-ன் வீ கருவி ஆட்டத்தில் திரும்பினார்கள். 2012-ல் வந்த இரண்டு ஆட்டங்களிலும் அவர்களே. "மூணு மிதி மிதிச்சா சாவான். எல்லாரும் மூணு மிதி." வொண்டரிலும் கோட்டைக்குக் கோட்டை பௌசர் ஜூனியர்தான் நிற்கிறான், அவனுக்கும் மூன்று மிதிதான். நடுவில் அறையின் நடப்பையே மாற்றிக் கொஞ்சம் கலங்க வைக்கிறான் என்பது என் வாதம். அது போதாது என்பது அவன் தீர்ப்பு. யோசித்துப் பார்த்தால் தாத்தா அவன் பக்கம்தான் இருந்திருப்பார்.

ஆனால் அதே ஆட்டத்தில் பெரிய பௌசரைப் பற்றிக் கேட்டபோது அவன் முகம் மாறியது. தொடக்கத்திலேயே பௌசர் வொண்டர் பூவைத் தொட்டுக் கோட்டையோடு கோட்டையாக ஒட்டி, வானத்தில் மிதக்கும் ஒரு கட்டடமாகிவிடுகிறான். 1985-லிருந்து கோட்டைக்குள் நின்றவன் கோட்டையாகவே ஆகிவிட்டான். கடைசிச் சண்டை பாட்டும் தாளமுமாக நடக்கிறது, மிதிப்பதும் தாவுவதும் தாளத்தில் விழுகின்றன.

"அது ஒத்துக்கலாம் மாமா. அது அதே பௌசர்தான், ஆனா இப்படி அவன நான் பாத்ததே இல்ல."

கூபாலிங் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. மூன்றாம் பாகத்தில் ராயும் லுட்விக்கும் குதித்து விழுந்தால் தரை அதிர்ந்து மாரியோ அசையாமல் நின்றுவிடுவான், அந்த இருவரையும் மற்ற ஐவரோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்கிறேன் நான். அவன் அந்தப் பழைய ஆட்டத்தை விளையாடியதில்லை. ஸ்விட்ச்சிலேயே அதுவும் கிடைக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, புளிக் குவியலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, முதல் உலகத்தைத் தொடங்கியிருந்தான். அம்மா அவன் முன்னால் ஒரு முறம் புளியைத் தள்ளி வைத்துவிட்டு, கரண்ட் போனால் கை சும்மா இருக்கக் கூடாது என்றார். அந்தக் கருவிக்குக் கரண்ட் போனாலும் கவலையில்லை பாட்டி என்றான் அவன்.